துருப்பிடிக்கும் கம்பிகளும் எங்கள் வாடகையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதில் ஏற்படும் தாமதம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஒப்பந்ததாரருக்கும் அரசு அலுவலகத்துக்கும் தகராறு, அதனால் பணி நின்றிருக்கிறது என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் கொத்தனார். 34 வருடம் கரண்டி பிடித்தவன். கடைசிப் பத்து வருடம் மேஸ்திரியாக ஆள் வைத்து வேலை பார்த்தேன், முழங்கால் போனபின் நிறுத்திவிட்டேன். வட சென்னையில் அரசு கட்டிக்கொடுத்த மூன்று மாடிக் குடியிருப்பில்தான் எனக்குக் கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஆள் திரும்ப முடியாத ஒரு கழிப்பறை. மழைக்காலத்தில் கூரையின் அடிப்பூச்சு கட்டிகட்டியாக விழும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் காங்கிரீட் வெடித்து விழத்தான் செய்யும். நானே மூன்று முறை தட்டி எடுத்துவிட்டுப் பூசியிருக்கிறேன். பூசிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த வருடம் விழும்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் போகவில்லை. அன்று ராத்திரி எங்கள் பிளாக்கில் யாரும் தூங்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு கீழே தெருவில் வந்து உட்கார்ந்துவிட்டோம். அதற்கு முன்புவரை "காலி பண்ண மாட்டோம், போனால் திரும்பி வர விடமாட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டோம்.

தெருவில் சாமியானா போட்டுக் கூட்டம் நடந்தது. வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புது வீடு 400 சதுர அடி, லிஃப்ட் உண்டு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர், 18 மாதத்தில் சாவி. அதுவரை வெளியே தங்குவதற்குக் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு இந்தத் தொகை 8,000ஆக இருந்தது, 2021இல்தான் 24,000 ஆக்கினார்கள். உயர்த்தியதற்கு நாங்கள் நன்றியோடுதான் இருந்தோம். 2022 பிப்ரவரியில் காலி செய்தோம். 2023 ஆடி முடிவதற்குள் சாவி கிடைத்துவிட்டால் ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம் என்று என் மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

இந்த 2025 ஜூன் மாதத்தோடு 41 மாதம் ஆகிறது.

வாடகைக் கணக்கை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் 18 மாதம் மாதம் 6,500. அதன்பிறகு வீட்டுக்காரர் 7,500 ஆக்கினார். இதுவரை கொடுத்தது 2,89,500 ரூபாய். அட்வான்ஸ் 50,000 தனி, அதை வட்டிக்கு வாங்கினோம். அரசு கொடுத்த 24,000ஐ 41 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600 ரூபாய்கூட வரவில்லை. அந்தக் காசுக்கு வட சென்னையில் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. மிச்சத்தை மகன் கொடுக்கிறான். அவன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான்.

பணம் மட்டும் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டு ஆயா ஒருவர் இருந்தார். எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டியவர். மகளோடு மாதவரம் தாண்டி ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். போன வருடம் தை மாதம் அங்கே இறந்துபோனார். வாடகை வீட்டில் பிணத்தை வைக்கக்கூடாது, மற்ற குடித்தனக்காரர்கள் காலி செய்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவரைத் திட்டி என்ன செய்வது, சென்னையில் பாதி வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நேராக எங்கள் பழைய தெருவுக்குக் கொண்டுவந்தோம். கட்டி முடிக்காத கட்டடத்தின் தகர வேலிக்கு முன்னால் ஒரு சாமியானா போட்டுக் கிடத்தினோம். தூரத்தில் குடியேறியிருந்த எல்லோரும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடியது அன்று ஒருநாள்தான். ஆயாவின் பெயர் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறது. இனி மகள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

சரி, வேலை ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். வாரம் ஒருமுறை சைட்டுக்குப் போய் நிற்பது என் பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் உள்ளே விட்டார்கள். அங்கிருந்த சின்ன வயசு சைட் இன்ஜினியர் "மேஸ்திரி, வாங்க" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். கட்டடத் தொழில் தெரிந்தவன் என்பதால் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். நான் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்தான் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லை.

அரசு வேலைக்கு எஸ்டிமேட் போட்டு டெண்டர் விடுவார்கள். தமிழ்நாட்டில் 1998இல் வந்த டெண்டர் சட்டப்படி, தகுதி உள்ளவர்களில் யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்குத்தான் வேலை. இதில் தப்பில்லை, மக்கள் பணம் மிச்சமாக வேண்டும். ஆனால் வேலை கிடைத்தால் போதும் என்று எஸ்டிமேட்டுக்கும் கீழே இறங்கிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். லாபத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? அதை அப்புறம் சொல்கிறேன். எங்கள் வேலையில் பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும் வேலை) முடிந்து தரைத்தளம் எழும்போதே விலை ஏறிவிட்டது. 2022 ஜூலை 18 முதல் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த 6 சதவீதத்தை யார் ஏற்பது என்பதில்தான் முதல் சண்டை. ஒப்பந்தத்தில் போட்ட விலை போட்டதுதான் என்றது அலுவலகம். வரியை நானா ஏற்றினேன் என்றார் ஒப்பந்ததாரர். இரண்டுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதைத் தீர்த்து வைக்க வேண்டிய மேசையில் கோப்பு மாதக்கணக்கில் கிடந்தது.

அடுத்தது பில். வேலை நடக்க நடக்க அளந்து, எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றி, பார்ட் பில் போட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது தளம் ரூஃப் போட்டதற்கான பில் எட்டு மாதம் வரவில்லை என்று இன்ஜினியர் சொன்னார். பூச்சு வேலைக்கு ஆள் எடுத்து அரசு வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது புரியும். மேலே ஒரு பெரிய ஒப்பந்ததாரர், அவரிடமிருந்து சப்-கான்ட்ராக்ட் எடுத்தவர், அவருக்குக் கீழே லேபர் கான்ட்ராக்ட், அதற்கும் கீழே என்னைப் போன்ற மேஸ்திரி, எனக்குக் கீழே சித்தாளும் கொத்தனாரும். மேலே பில் எட்டு மாதம் தள்ளிப்போனால், கீழே சனிக்கிழமை கூலி நின்றுவிடும். சித்தாளால் எட்டு மாதம் காத்திருக்க முடியாது. அவள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் சைட்டில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த ஒடிசா, பீகார் பையன்கள் 2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. நவம்பரில் சென்ட்ரிங் சாமான்களை (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) லாரியில் ஏற்றினார்கள். அதோடு சரி.

அன்றிலிருந்து நடப்பது கட்டடச் சண்டை இல்லை, காகிதச் சண்டை. அலுவலகம் தாமதத்துக்கு அபராதம் போட்டது. ஆளும் இயந்திரமும் சும்மா கிடந்ததற்கு நஷ்டஈடு கேட்டார் ஒப்பந்ததாரர். ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக நோட்டீஸ் போனது. இதுவரை செய்த வேலையை இரு தரப்பும் சேர்ந்து நின்று அளந்தால்தான் மிச்ச வேலைக்குப் புது டெண்டர் விட முடியும். கூட்டு அளவீட்டுக்குக் குறித்த நாளில் ஒப்பந்ததாரர் தரப்பில் ஆள் வரவில்லை. மறுபடி நாள் குறித்தார்கள், அன்று அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கோப்பைப் படித்துப் பார்க்க நேரம் கேட்டார். மனு கொடுக்கப் போன எங்களிடம் "விவகாரம் நிலுவையில் இருக்கிறது" என்கிறார்கள். எழுத்தில் பதில் கேட்டால் கிடைப்பதில்லை. புது வீட்டுக்காக நாங்கள் கட்ட வேண்டிய பயனாளி பங்குத்தொகையும் அப்படித்தான். முதலில் ஒன்றரை லட்சம் என்று வாயால் சொன்னார்கள். செலவு கூடியிருப்பதால் இரண்டு லட்சத்துக்கு மேல் போகலாம் என்று இப்போது அதையும் வாயாலேயே சொல்கிறார்கள். தாமதத்தால் ஏறிய செலவை, தாமதத்தில் எந்தப் பங்கும் இல்லாத எங்கள் தலையில் ஏற்றுவது எந்தக் கணக்கில் சேரும்?

லாபத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்று மேலே கேட்டிருந்தேன். அதை என் வாயாலேயே சொல்லியாக வேண்டும். 2009இல் ஒரு அரசுக் கட்டடத்தில் பூச்சு வேலை எடுத்தேன். கூரை அடிப்பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று கலவை, அதாவது ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் போட வேண்டும், சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து. சூப்பர்வைசர் வந்து இரண்டுக்கும் ஒன்றுக்கு எட்டு போடச் சொன்னார். "ரேட் கட்டுப்படியாகலை மேஸ்திரி, நீங்களே பாருங்க" என்றார். என் ஆட்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி இருந்தது. இரண்டு நாள் அப்படியே பூசினோம். மணியாஸ்கட்டை போட்டுத் தேய்க்கும்போதே பொலபொலவென்று மணல் கையோடு வந்தது. மூன்றாம் நாள் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் பூசிய இரண்டு அறைகள் அங்கேதான் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க்கில், புதிதாகக் கட்டிய 1,920 வீடுகளின் குடியிருப்பில், சுவரைக் கையால் தொட்டதும் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில் காட்டினார்கள். என் மனைவி அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு இரண்டு பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், ஐ.ஐ.டி. குழு ஆய்வு செய்தது, பூச்சில் குறை இருப்பது உறுதியானது, மறுபடி பூசினார்கள். பூசிய கொத்தனாரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், கலவை எந்த நாளில் மெலிந்தது, யார் சொல்லி மெலிந்தது என்று.

அதனால்தான் எனக்கு, வேலை எப்படியாவது சீக்கிரம் முடியட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவசரப்படுத்தினால் நீராற்றாமல் விடுவார்கள். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பூசிவிட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை என்றால் சென்னை வெயிலில் சுவர் பாளம் பாளமாக வெடிக்கும். இன்னொன்று, கட்டடம் சும்மா நின்றால் அது அப்படியே இருக்கும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் சைட்டில் மூன்றாவது தளத்து ரூஃபுக்கு மேல், அடுத்த தளத்துப் பில்லருக்காக விட்ட கம்பிகள் இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கடல் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் நனைந்துவிட்டன. முதலில் செம்பழுப்பாக லேசாகப் பிடித்தது, தேய்த்தால் போயிருக்கும். போன மாசி மாதம் வாட்ச்மேனிடம் கெஞ்சி மேலே ஏறிப் பார்த்தேன். சில கம்பிகளில் துரு செதில் செதிலாக உரிந்து வருகிறது. இதற்கு மேல் அப்படியே காங்கிரீட் போட்டால், நாங்கள் எந்தக் கட்டடத்திலிருந்து பயந்து ஓடிவந்தோமோ அதே நோய் இதற்குள்ளும் முதல் நாளே குடியேறிவிடும். இந்தத் துருவைச் சுத்தம் செய்யும் செலவுகூட நாளைக்கு இன்னொரு தகராறாகும். பழைய ஒப்பந்ததாரர் கணக்கா, புதியவர் கணக்கா என்று இன்னும் ஆறு மாதம் போகும். இதற்குள் ஜல்லி, எம்-சாண்ட் விலையும் நின்றபாடில்லை. 2025 ஏப்ரலில் கல் உடைக்கும் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தனியார் சைட்டுகளே நின்றுபோயின. 2023இல் முடிந்திருக்க வேண்டிய வீட்டை இனி இன்றைய விலையில்தான் கட்ட வேண்டும்.

மத்திய அரசின் அனைவருக்கும் வீடு திட்டம் 2015 ஜூனில் தொடங்கியபோது 2022க்குள் முடிப்பதாகச் சொன்னார்கள், பிறகு 2024 டிசம்பர் வரை நீட்டித்தார்கள். அரசுக்குக் காலக்கெடுவை நீட்டிக்க ஒரு ஆணை போதும். ஒப்பந்ததாரருக்கும் கால நீட்டிப்பு கேட்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. வாடகை தேதியை நீட்டிக்க எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கருணைத் தொகையை ஒரே தடவை கொடுத்துக் கைகழுவாமல், சொன்ன 18 மாதம் தாண்டிய நாளிலிருந்து சாவி கொடுக்கும் நாள் வரை மாதாமாதம் வாடகையாகக் கொடுக்க வேண்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். தாமதத்துக்காக ஒப்பந்ததாரரிடம் பிடிக்கும் அபராதம் இப்போது அரசுக் கணக்கில்தான் சேர்கிறது. தாமதத்தால் கையிலிருந்து காசு கொடுத்தவர்கள் நாங்கள், அந்த அபராதம் எங்களுக்கு வரட்டும். தாமதம் அலுவலகத்தின் தப்பு என்று முடிவானால், அலுவலகம் கொடுக்கட்டும். மாதாமாதம் வாடகைச் செலவு தன் கணக்கிலிருந்து போகிறது என்றால் எந்தக் கோப்பும் மேசையில் எட்டு மாதம் தூங்காது என்பது என் நம்பிக்கை.

அப்புறம், தகராறு எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும், அளவீட்டை மட்டும் முடித்துவிடுங்கள். ஒரு தரப்பு வரவில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு பொறியியல் கல்லூரி ஆட்களை நிறுத்தி அளந்து, படம் எடுத்து, எம்.புக்கில் ஏற்றிக் கட்டடத்தைத் தகராறிலிருந்து பிரித்துக் கொடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவர்கள் நடுவர் முன்னாலோ நீதிமன்றத்திலோ பேசிக்கொள்ளலாம். கட்டடத்தைப் பிணையாக வைத்துச் சண்டை போடாதீர்கள். புது டெண்டர் விடும்போது, ரொம்பக் குறைத்துக் கேட்பவரிடம் இந்த விலையில் எப்படிக் கட்டுவாய் என்று ஒவ்வொரு அயிட்டமாகக் கேட்டு வாங்குங்கள். தகர வேலியில் ஒரு போர்டு வையுங்கள், தமிழில், எந்த வேலை எந்தத் தேதியில் முடியும், கலவை என்ன விகிதம் என்று. எங்கள் தெருவில் என்னைப்போல் பத்துப் பதினைந்து கொத்தனார்கள் இருக்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு நாங்களே சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வோம்.

கடைசியாக ஒன்று, இது ரொம்ப அவசரம். ஐப்பசி மழைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. அதற்கு முன் அந்த மூன்றாவது மாடிக் கம்பிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் மருந்து அடித்து, சிமென்ட் பால் பூசிவிட வேண்டும். எந்தக் கம்பி தேறும், எதை வெட்டி மாற்ற வேண்டும் என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொன்னால் போதும். இதற்கு டெண்டர் வேண்டாம். நாலைந்து மூட்டை சிமென்ட்டும் ஒரு வாரமும் ஆகும். மருந்துச் செலவுக்கு எங்கள் பிளாக் ஆட்கள் வீட்டுக்கு 100 ரூபாய் போடத் தயாராக இருக்கிறார்கள். முழங்கால் வலித்தாலும் நான் மேலே ஏறிவிடுவேன், கூடப் பிடிக்க இரண்டு பையன்கள் வருகிறார்கள். கூலி வேண்டாம். வாட்ச்மேனிடம் சொல்லிக் கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
வட சென்னை.

(ஒதுக்கீட்டுப் பட்டியலில் என் பெயர் இருப்பதால் கடிதத்தில் பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)